ஐந்தாவது ஜோடிக் கால்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘கால் டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடலில் மிதக்கும் துடுப்புக்காலி என்ற உயிரியின் காலைப் பார்த்து அது எந்த இனம் என்று சொல்வது அவள் வேலை. முழு உயிரியே ஓர் அரிசிமணி அளவுக்கு வராது. அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சம் நுண்ணோக்கிக்கு அடியிலிருந்து வரும். சுவர் முழுக்க, வருடா வருடம் சேர்த்த மாதிரிகள் ஊறும் ஃபார்மலின் ஜாடிகள். கணவனும் மகளும் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்தார்கள். மாறுதல் கேட்டு அவள் கொடுத்த மனுக்களெல்லாம் “உங்களுக்குப் பதிலா யாரு?” என்ற ஒரே கேள்வியோடு திரும்பி வந்தன.

இரண்டு இனங்கள்தான் தலைவலி. குளிர்நீருக்குரியது பெரியது. அதற்கு அவள் வைத்த பெயர் அக்கா. கொஞ்சம் சூடேறிய நீரோடு வருவது சிறியது, தங்கச்சி. மற்றபடி இரண்டும் ஒரே அச்சு. ஐந்தாவது ஜோடிக் காலைப் பிய்த்துப் பார்த்தால்தான் உறுதி. உள்விளிம்புப் பல்வரிசை வளைந்திருந்தால் அக்கா, நேராக இருந்தால் தங்கச்சி. ஒவ்வொன்றுக்கும் காலைப் பிய்த்தால் ஆயுசு போதாது. அதனால் உடல் நீளத்தை அளந்து, இரண்டுங்கெட்டானாக இருப்பவற்றுக்கு மட்டும் கால் பார்ப்பது வழக்கம். நன்றாகப் பொடிசு என்றால் தங்கச்சி, பேச்சே இல்லை.

இந்த வருடம் மரபணு இயந்திரம் வந்தது. தலைமை விஞ்ஞானி அவளைக் கூப்பிட்டார்.

“மேடம், புது சாம்பிளுக்கு நீங்களும் பேர் சொல்லுங்க, மெஷினும் சொல்லட்டும். ஒத்துப்போச்சுன்னா உங்க மாறுதல்ல அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.”

அன்று மாலையே கணவனுக்குப் போன் செய்தாள்.

“மூட்டை கட்டட்டுமா?”

“சீக்கிரம் கட்டு. அப்பனும் மகளும் மாத்தி மாத்திச் சமைச்சு, பூனையே வீட்டை விட்டு ஓடிப்போச்சு.”

முடிவு வந்தது. மரபணுப் பிரிவில் வேலை செய்யும் பெண் தட்டோடு வந்து நின்றாள்.

“மேடம், எல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்தப் பொடிசுங்கதான் இடிக்குது. நீங்க தங்கச்சின்னு போட்டிருக்கீங்க, மெஷின் அக்காங்குது. மறுபடி ஓட்டிப் பாத்தேன், அதேதான். சோதனைக்கு மீசையில ஒரு துண்டுதான் எடுத்தேன், உடம்பெல்லாம் அப்படியே இருக்கு.”

அவள் ஒரு பொடிசை எடுத்து, ஊசியால் காலைப் பிரித்து, லென்ஸுக்கு அடியில் வைத்தாள். பல்வரிசை அரிவாள் போல வளைந்திருந்தது. அடுத்ததும் அப்படியே.

“என்ன மேடம், மெஷின் உளறுதா?”

“இல்லம்மா. அது சரியாத்தான் சொல்லுது.”

தலைமை விஞ்ஞானி அறைக்குப் போகும் வழியில் அந்த வரைபடம் மாட்டியிருந்தது. வருடா வருடம் அக்காக்கள் குறைந்து தங்கச்சிகள் பெருகுவதைக் காட்டும் இரண்டு கோடுகள். அவள் எண்ணிக் கொடுத்தவைதான். அக்கா அழியவே இல்லையோ? தண்ணீர் சூடேற உடம்பு குறுகி, தங்கச்சி அளவுக்கு வந்துவிட்டாளோ?

அவர் மாறுதல் உத்தரவை முன்னால் இழுத்து வைத்திருந்தார். “பொடிசுல கொஞ்சம் கைத்தவறு போல. மனுஷக் கண்ணுதானே, விடுங்க. புதுசுக்கு மெஷின் போதும். நீங்க கிளம்புங்க.” பேனாவைத் திறந்தார்.

ஆமாம் சார் என்றால் போதும். நாளைக்கு ரயில்.

“கைத்தவறு இல்ல சார்,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். “பொடிசுக்கு நான் காலே பாக்கறதில்ல. எப்பவும் அப்படித்தான். ஜாடியில இருக்கறதெல்லாம் அப்படித்தான் எண்ணினது.”

பேனா அப்படியே நின்றது.

“பழசை மெஷின்ல போட முடியாதா?”

“ஃபார்மலின்ல ஊறினது சார். மரபணு எப்பவோ சிதைஞ்சு போயிருக்கும். காலைப் பிரிச்சுத்தான் பாக்கணும்.”

“யாரு பாக்கறது?”

பேனாவை மூடி உத்தரவின் மேல் வைத்தார்.

அறைக்குத் திரும்பிக் கணவனை அழைத்தாள்.

“இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.”

“கொஞ்சம்னா?”

தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்த ஜாடிகளைப் பார்த்தாள். “பூனை வந்துச்சா?” என்று கேட்டாள்.

“வரல,” என்றான்.

போனை வைத்துவிட்டு, அடித்தட்டிலிருந்து முதல் ஜாடியை எடுத்தாள். மூடி இறுகிப்போயிருந்தது. முந்தானையைச் சுற்றித் திருகினாள். திறக்கவில்லை. முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு மறுபடி திருகினாள்.