பந்திங் போய் வந்த மல்லிகை

நம் லோரியில் ஏறும் செடிச் சட்டிகளுக்கு ஏன் சிவப்பு ரிப்பன் கட்டச் சொல்கிறேன் என்று நீங்கள் இருவரும் பல தடவை கேட்டுவிட்டீர்கள். போன வாரம் கூட சின்னவள், "அப்பா, முடிச்சுப் போட்டுப் போட்டு விரலே வீங்கிப் போச்சு லா" என்று கையைக் காட்டினாள். அம்மா சிரித்தாளே தவிர காரணத்தைச் சொல்லவில்லை. நான் மூன்றாம் படிவம் வரைதான் படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீங்கள் போனை எடுத்துக்கொள்வீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

அப்போது பெரியவன் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. சின்னவள் இன்னும் தொட்டிலில். கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்வதுதான் அப்போதும் என் வேலை. ஆனால் அந்த நாளில் என் அலங்காரம் எல்லாம் ஃபோம். ஃபோமில் தூண், ஃபோமில் யானை, ஃபோமில் மயில். எல்லாவற்றுக்கும் தங்க நிற ஸ்ப்ரே. மேலே பிளாஸ்டிக் ரோஜா. கல்யாணம் முடிந்ததும் தும்பிக்கை ஒடிந்த யானையை மண்டபத்தின் பின்பக்கக் குப்பைத் தொட்டியில் தலைகீழாகத் திணிப்பேன். கால் நான்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்தால் தலை, மீசை எல்லாம் வெள்ளைப் பொடி. அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, துடைப்பத்தால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

அப்படி இருந்த என்னை மாற்றியது ஒரு கல்யாணப் பெண். அறிவியல் ஆசிரியை. கல்யாணம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். மாப்பிள்ளை வீடு தள்ளி, பந்திங் ஊரில். பேச்சுவார்த்தைக்குப் போன அன்றே அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, ஃபோம் ஒரு துண்டு கூட வேணாம். பிளாஸ்டிக் பூ வேணாம். எல்லாம் உயிரோட இருக்கிற செடியா வைங்க. கல்யாணம் முடிஞ்சா எதுவுமே குப்பைக்குப் போகக் கூடாது."

"வாசல்ல வாழமரம் கட்டணுமேம்மா?"

"கட்டுங்கண்ணே. வெட்டாம கட்டுங்க."

அவள் அப்பா பின்னால் நின்று, "அவ சொல்றத செஞ்சிடுங்க தம்பி. வீட்டுல நாங்க எல்லாரும் ஏற்கனவே சரண்டர்" என்றார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன். மின்கம்பிக்குக் கீழே நம் ஆட்கள் பயிர் செய்யும் நிலத்திலிருந்து வாழைக் கன்றுகளை வேரோடு எடுத்து டிரம்மில் வைத்தேன். மணவறைக்குப் பின்னால் வழக்கமாகத் துணி தொங்கவிடுவோமே, அந்த இடத்துக்கு மூங்கில் சட்டத்தில் ஏற்றிய வெற்றிலைக் கொடி. வருகிறவர்களுக்கு அன்பளிப்பாகக் கற்பூரவள்ளிக் கன்று. கிள்ளான் பாசாரில் தேங்காய்ப் பால் பிழிகிறவரிடம் மூட்டை மூட்டையாகச் சிரட்டை வாங்கி வந்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, அம்மாதான் ஒவ்வொன்றிலும் தண்டு ஊன்றினாள். மூன்று வாரம் நம் போர்ச்சில் கார் நிறுத்த இடமில்லை. வீடே இருமல் மருந்து வாசம். வேர் பிடித்ததும் ஒவ்வொரு சிரட்டையையும் சாக்குத் துணியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டினோம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இடி விழுந்தது. மேடைக்குப் பெரிய செடிகளை வாடகைக்குத் தருவதாகச் சொன்ன நர்சரிக்காரர், அவற்றை வேறு ஒரு விழாவுக்குக் கொடுத்துவிட்டார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அம்மாதான் கேட்டாள்: "ஏங்க, நம்ம வீட்டு வரிசையில இல்லாத செடியா? போய்க் கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எதிர்வீட்டுச் சீன அங்கிள் காய் தொங்கும் எலுமிச்சைச் சட்டிகள் இரண்டைத் தந்தார். மூலைவீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், பாண்டான் இலைச் சட்டிகளைத் தந்து, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மலாயில் மூன்று தடவை சொன்னார். காகிதப்பூ, பெரணி, கறிவேப்பிலை என்று முப்பத்தொன்பது சட்டி சேர்ந்துவிட்டது.

கடைசியாகப் பக்கத்து வீட்டு ஆன்டி. உங்களுக்கு மாங்காய் ஊறுகாய் கொடுக்கும் அதே ஆன்டிதான். அவர் வாசலில் பெயிண்ட் வாளியில் ஒரு அடுக்கு மல்லிகை. ரயில்வேயில் வேலை பார்த்த அவர் கணவர் நட்டது. ஆன்டி செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"திங்கக்கிழம அவரு செத்த நாளு. காலையில மாதா கோயில் பூசை முடிஞ்சதும் கல்லறைக்குப் போவேன். வருஷா வருஷம் இந்தச் செடிப் பூவத்தான் வைக்கிறது. கடையில வாங்கி வச்சதே இல்ல."

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் உங்க வாசல்ல இருக்கும் ஆன்டி. நான் பொறுப்பு."

"உன்ன நம்பித்தான் குடுக்கிறேன்."

சனிக்கிழமை மண்டபத்தில் எல்லாச் செடியையும் அடுக்கிப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது. ஒன்று பெயிண்ட் வாளி, ஒன்று பிஸ்கட் டின், ஒன்று உடைந்த ஐஸ் பெட்டி. என் புத்திக்கு ஒரு யோசனை தோன்றியது. சிரட்டைக்குச் சுற்றியதுபோக சாக்கும் சணலும் மிச்சம் இருந்தன. நாற்பது சட்டியையும் அதே சாக்கில் சுற்றி, அதே சணலால் கட்டினேன். எல்லாம் ஒரே மாதிரி, அழகாக ஆகிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, "எப்படி?" என்று மீசையைக் கூட முறுக்கினேன்.

கல்யாணம் பிரமாதம். உள்ளே வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால் பெரணிச் சட்டியிலிருந்து ஒரு தவளை குதித்து ஐயரின் தாம்பாளத்தில் உட்கார்ந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "இவரு பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. கல்யாணப் பெண் மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நானும் அம்மாவும் கீழே சாப்பிட உட்கார்ந்தோம். மேலே மைக்கில் அறிவிப்பாளர் சொல்வது கேட்டது: "சணல் கயிறு கட்டின செடியெல்லாம் உங்களுக்குத்தான்! மணமக்களோட அன்பளிப்பு! மறக்காம எடுத்துட்டுப் போங்க!" நான் சந்தோஷமாக இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன். அப்போதும் என் மண்டையில் உறைக்கவில்லை.

மேலே போனால் மேடை மொட்டையாக இருந்தது. ஆடு புகுந்த தோட்டம் மாதிரி. மூங்கில் சட்டமும் வெற்றிலைக் கொடியும் மட்டும் நின்றன. அவை சுவரோடு கட்டியிருந்ததால் தப்பித்தன. மேசைகளில் சிரட்டைக் கன்றுகள் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தன. பெரியது இருக்கும்போது சின்னதை யார் எடுப்பார்கள்?

கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். ஒரு பட்டுச்சேலை அக்கா கார் பின்பக்கத்தில் காகிதப்பூவைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது அன்பளிப்பு இல்லக்கா!"

"சணல் கட்டியிருக்கே? மைக்குல சொன்னாங்களே?"

"தப்பு என்னோடதுக்கா. இது எங்க வரிசைக்காரங்க செடி. இரவல்."

"பாத்தியா," என்று அவர் கணவரிடம் திரும்பினார். "அப்பவே சொன்னேன், இவ்ளோ பெருச யாரு சும்மா குடுப்பான்னு. நீங்கதான் தூக்கு தூக்குன்னீங்க."

ஓர் அங்கிள் மோட்டார் சைக்கிளில் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கறிவேப்பிலையை வைத்துக்கொண்டு கிளம்பியேவிட்டார். நான் பின்னால் ஓடி நிறுத்தினேன். "சாம்பாருக்கு ஆச்சுன்னு நெனச்சேன் பாஸ்," என்று இறக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு கொத்தை மட்டும் ஒடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். எலுமிச்சைச் சட்டிகளைச் சாலை முனையில் மடக்கினோம். ஒவ்வொன்றாகத் திரும்பி லோரியில் ஏறியது. அம்மா எண்ணினாள். முப்பத்தொன்பது.

இல்லாதது எது என்று எண்ணாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மல்லிகையா? பந்திங் பஸ்ஸுல எங்க பெரியம்மா மடியில வச்சுட்டுப் போனாங்களே," என்றான் மாப்பிள்ளையின் தம்பி. முகவரி கொடுத்தான். பெரியம்மாவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. "பஸ்ஸுல கராவோக்கே போட்டிருப்பாங்கண்ணே. காது கேக்காது."

லோரியில் முப்பத்தொன்பது சட்டிகள் ஆட ஆட, பந்திங்குக்கு விரட்டினேன். அம்மா வழியெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிச் சட்டிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். எண்ண ஆரம்பித்தால் அம்மாவுக்கு எவ்வளவு கோபம் என்று உங்களுக்குத் தெரியும்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பு. வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் பெரியம்மா, எனக்கு அக்கா வயதுதான், கல்யாணச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு நின்றார். மல்லிகை தரையில் நட்டாகிவிட்டது. பக்கத்தில் பெயிண்ட் வாளி இரண்டாகப் பிளந்து கிடந்தது. மலர்ந்த பூவெல்லாம் அவர் கொண்டையில்.

"நீங்க டெக்கரேஷன்காரர்தானே?" என்று முகம் மலர்ந்தார். "என்னா அழகு தம்பி! வந்ததும் வராததுமா நட்டுட்டேன். கல்யாண வீட்டுச் செடி, வாடக் கூடாது பாருங்க."

அம்மாதான் சொன்னாள். ஆன்டியைப் பற்றி, நாளைக்குப் போக வேண்டிய கல்லறையைப் பற்றி, எல்லாம். அக்காவின் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

"ஐயையோ. பூவ வேற பறிச்சுட்டேனே."

"மொட்டு இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"மொட்டுல கை வைக்கல. நாளைக்கின்னு விட்டு வச்சேன்."

அவர் என்னை மண்வெட்டியைத் தொடவிடவில்லை. கையாலேயே சுற்றிலும் மண்ணைப் பறித்து, வேரை மண் உருண்டையோடு தூக்கி, தன் நீல வாளி ஒன்றில் வைத்தார். சேலையைத் தட்டிவிட்டு நேராக வந்து லோரியில் ஏறிக்கொண்டார்.

"நீங்க எங்கக்கா?"

"உங்க லோரி ஆடுற ஆட்டத்துல வேர் அந்துடும். நான் மடியில வச்சுட்டு வரேன். எடுத்தது நான்தானே. நானே அந்த ஆன்டிகிட்ட குடுக்கிறேன்."

கிள்ளானில் நம் வரிசைக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஆன்டி கேட்டில் நின்றிருந்தார். "அஞ்சு மணிலேந்து நிக்கிறேன்," என்றார். லோரியிலிருந்து யாரோ ஒரு பெண், மடியில் அவர் செடியும் தலையில் அவர் பூவுமாக இறங்குவதைப் பார்த்தார். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சணலை நான் கட்டியது, பாயசம் குடித்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும். நடுவில் அக்கா, "நான்தாங்க எடுத்தேன், அவர ஏசாதீங்க" என்றார்.

"உன்ன நம்பித்தானேப்பா குடுத்தேன்" என்றார் ஆன்டி என்னைப் பார்த்து. அவ்வளவுதான்.

பிறகு குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு மொட்டுகளை எண்ணினார். செடியை நிழலுக்கு இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். இலைகள் தொங்கித்தான் இருந்தன. இரண்டு பெண்களும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேருக்கு வெங்காயத் தோல் நல்லதா, அரிசி கழுவிய தண்ணீர் நல்லதா என்று வாதாட ஆரம்பித்தார்கள். ஆன்டி அக்காவுக்குக் காப்பி கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. விடிந்ததும் சுவருக்கு மேலே ஆன்டியின் குரல் கேட்டது.

"ஏய் தம்பி! இங்க வா!"

ஓடினேன். இலைகள் இன்னும் முழுதாக நிமிரவில்லை. ஆனால் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று பூ.

"பதினொன்னு," என்றார் ஆன்டி. "போன வருஷம் ஒம்பதுதான். அந்த மனுஷன் செடிய நட்டாரே தவிர ஒரு நாள் தண்ணி ஊத்தினதில்ல. அவருக்கு இது ஜாஸ்தி."

பூசைக்கும் கல்லறைக்கும் நான்தான் அவரை லோரியில் கூட்டிப் போனேன். திரும்பி வந்து இறங்கும்போது, "இரு" என்று உள்ளே போய், கிறிஸ்மஸ் பெட்டியிலிருந்து ஒரு உருளை சிவப்பு ரிப்பன் எடுத்து வந்தார்.

"திரும்பி வர வேண்டியதுக்கெல்லாம் இதக் கட்டு. சணல் கட்டினது போகட்டும். அடுத்த தடவ என் மல்லிகைய எடுக்கும்போது மொதல்ல இதக் கட்டிட்டுத்தான் தூக்கணும், சொல்லிட்டேன்."

அடுத்த தடவை என்று அவர் சொன்னாரே, அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு நான் ஃபோம் யானை செய்யவில்லை.

பந்திங் அக்காவுக்கு ஆன்டி அந்தச் செடியில் ஒரு கிளையைப் பதியம் போட்டுக் கொடுத்தார். இப்போது அது அவர் கேட்டுக்கு மேலே வளர்ந்திருக்கிறது. இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

வருகிற சனிக்கிழமை சுங்கை வேயில் நிச்சயதார்த்தம். ஆன்டியின் மல்லிகையும் வருகிறது. விரல் வலித்தால் பெரியவன் பாதி, சின்னவள் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் முடிச்சு மல்லிகைக்கு. ஆன்டி கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.