பால்கோவா டப்பாவில் வந்த பருத்திப் பூச்சி

பருத்திக் காய் வெடித்ததும் கூட்டமாக வந்து மொய்க்குமே ஒரு சிவப்புப் பூச்சி, அதென்றால் எனக்கு உயிர். ஆராய்ச்சிக்கு அது வேண்டும் என்று கேட்டபோது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏட்டி, மருந்தடிச்சு வெரட்டுனதை இப்ப பிடிச்சு வேற தரணுமாக்கும்?" என்றாள்.

நான் தேடியது அதன் குரோமோசோம்களின் நுனியை. செல் பிரியும்போதெல்லாம் அந்த நுனி கொஞ்சம் தேய்கிறது. ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணியை வெட்டிய இடத்தில் நூல் பிரிந்துகொண்டே வருமே, அதுபோல. பல பூச்சிகள் டி-டி-ஏ-ஜி-ஜி என்ற ஐந்தெழுத்தைத் திரும்பத் திரும்பச் சேர்த்து நுனியைச் சரிக்கட்டுகின்றன. பழ ஈயோ, தாவித் திரியும் டி.என்.ஏ. துண்டுகளை நுனியில் ஒட்டவைத்துச் சமாளிக்கிறது. என்ன கில்லாடித்தனம்! என் பூச்சி என்ன செய்கிறது? அதுதான் என் கேள்வி.

அம்மா சோழபுரத்துப் பருத்திக் காட்டில் பூச்சி பிடித்து, காலியான பால்கோவா டப்பாவில் அடைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கிக்கொண்டு நேரே கல்லூரி லேபுக்கு ஓடினேன். பூச்சிகளை உறையவைத்து, நசுக்கி, டி.என்.ஏ. எடுத்து, நைலான் தாளில் சொட்டு வைத்தேன். அந்த ஐந்தெழுத்தில் மட்டுமே ஒட்டும் கரைசல் ஒன்று உண்டு. எழுத்து இருந்தால் ஊதாப் பொட்டு விழும். விழுந்தது! மங்கல்தான், ஆனாலும் விழுந்தது. லேப் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். என் வழிகாட்டி மேடம் துறைத்தலைவரிடமே சொல்லிவிட்டார்.

அடுத்த டப்பா வந்தது. அதே வேலை, அதே கை. பொட்டு இல்லை. திரும்பச் செய்தேன். வெறும் தாள். கரைசல் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அந்த ஐந்தெழுத்து நிச்சயம் உள்ள பட்டுப்புழு டி.என்.ஏ. வைத்திருந்தேன், அதுவும் தீர்ந்துபோயிருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கரைசல் கெட்டுப்போயிருக்கலாம், நீ தப்புப் பண்ணியிருக்கலாம். வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிக் கமிட்டில என்னன்னு சொல்றது? இன்னும் ஒரே ஒரு தடவை பாரும்மா. தெளிவா வரலைன்னா தலைப்பை மாத்திடலாம்."

என் பூச்சியை விட்டுவிட்டு வேறெதையோ கட்டி அழுவதா? அறைக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். நல்ல பூச்சியாகப் பார்த்துப் பிடித்தாயா என்று அவள்மேலேயே பாய்ந்தேன். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"எம்மேல ஏன் எரிஞ்சு விழுத? மொதத் தடவைதான் டப்பாவைக் கழுவாம விட்டுட்டேன், பொடி எறும்பா ஏறிருச்சு. இந்தத் தடவை நல்லா வெளக்கி, காய வச்சுல்ல அனுப்புனேன்!"

எறும்பு! அடக் கடவுளே, எறும்புக்கு அந்த ஐந்தெழுத்து உண்டே! பூச்சியோடு சேர்த்து நான் எறும்பையும் நசுக்கியிருக்கிறேன். விழுந்த பொட்டு எறும்புடையது!

எறும்புக்கா பஞ்சம்? ஜன்னலோரம் ஒரு கிள்ளு பால்கோவா வைத்தேன், வரிசைகட்டி வந்தன. மறுநாள் பூச்சிகளை ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்து, இறக்கை இடுக்கைக்கூடக் கழுவினேன். ஒரே தாளில் எறும்புக்கு ஒரு சொட்டு, பக்கத்தில் பூச்சிக்கு ஒரு சொட்டு. இரண்டும் வெளுத்தே கிடந்தால் என் கதை முடிந்தது. மேடமும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளையே பார்த்தோம்.

எறும்புச் சொட்டு ஊதாவாக ஏறியது. ஏறி, கறுத்தே போனது. பூச்சிச் சொட்டு வைத்த இடம் பளிச்சென்று வெள்ளை.

மேடம் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கரைசல் நல்லாத்தான் இருக்கு! உன் பூச்சிக்குத்தான் அந்த எழுத்து இல்லை!"

இல்லவே இல்லை! அப்படியானால் வேறு எதையோ வைத்து அது தன் நுனியைக் காக்கிறது. அதைத் தேடப்போவது நான். தலைப்பு என்னுடையதுதான்!

வராந்தாவுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, ஒண்ணுமே இல்லம்மா! வெறும் வெள்ளை!"

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டுக் கூத்து?" என்றாள். பிறகு கேட்டாள், "அப்ப இனிமே டப்பாவைக் கழுவணுமா, வேண்டாமா?"