பேச்சியம்மாள் நடந்ததால் சாகவில்லை

செய்தி வந்தபோது நான் மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் இருந்தேன். போனில் சுப்பையா. பேச்சியம்மாளின் தம்பி, தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். அவர் எனக்குப் போன் செய்யும் வழக்கமே கிடையாது. "அக்கா போயிட்டா டாக்டர். மயிலாப்பூர் பார்க்குல நடந்துக்கிட்டிருந்தவ பெஞ்சுல உட்கார்ந்தாளாம். அப்படியே சாஞ்சிட்டா" என்றார். கட்டிலில் படுத்திருந்த நோயாளியின் கழுத்தில் தடவிய ஜெல்லைத் துடைத்துவிட்டு, வேறொரு மருத்துவரை வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மேற்கு மாம்பலத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலணியைக் கழற்றிய யாரோ காலுறையை மறந்துவிட்டிருந்தார்கள். வாசலில் போட்டிருந்த நாற்காலியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "ஊருக்கெல்லாம் வாக்கிங் சொல்லிக் குடுத்தவங்க. கடைசியில என்ன ஆச்சு? இந்த வயசுல உடம்ப இப்படி வருத்தக் கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

அவருக்குப் பின்னால் நின்றிருந்த கஜேந்திரன் முன்னால் வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், பேச்சியின் பழைய நோயாளி. "இன்னா சார் பேசறே நீ? நெஞ்சுல ஸ்பிரிங் வெச்சிக்கினு நான் உயிரோட நின்னுக்கினு கீறேன். அந்தம்மா நடக்க வெச்சதாலதான் நிக்கறேன்" என்றார். சாவு வீட்டில் சத்தம் போடாதே என்று இரண்டு பேர் அவரைத் தெருவுக்கு அழைத்துப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் மெதுவாகப் பேசினாரே.

பேச்சியம்மாளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள், பூங்காவில் உடன் நடந்தவர்கள், எங்கள் மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்தவர்கள். உங்களில் பலர் இந்த மூன்று வாரமாக அதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அவர் இயன்முறை சிகிச்சையாளர். அடையாற்றில் நாங்கள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சிக் கூடத்தை அவர்தான் நடத்தினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடையாள அட்டையில் பெயரை மாற்றிப் 'பிரியா' என்றோ 'பேபி' என்றோ போட்டுக்கொள்ளலாமே, வெளிநாட்டு நோயாளிகளுக்குச் சுலபமாக இருக்கும் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். "அவங்க வாயில எங்க ஊரு சாமி பேரு வரலேன்னா மேடம்னு கூப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டார். முழுப் பெயரோடு வந்த அட்டையைக் கடைசி வரை கழுத்தில் மாட்டியிருந்தார்.

கூடம் என்பது பெருமைக்குச் சொல்வது. கார் நிறுத்தும் தளத்தை ஒட்டிய ஓர் அறை. நான்கைந்து சைக்கிள்களும் இரண்டு ட்ரெட்மில்களும் இருந்தன. மாரடைப்பு வந்து, அடைத்த குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பிச்சுருள் வைத்துக்கொண்டவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள் எல்லோரும் அங்கே வரவேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் பயம். கஜேந்திரன் முதல்நாள் சைக்கிளில் ஏறவே மறுத்தார். "இன்னா மேடம், உள்ள ஸ்பிரிங் போட்டுக்கீறாங்க. மிதிச்சா அது கயண்டுக்காதா?" என்று கேட்டார். பேச்சி சிரிக்கவில்லை. "கழலாது. அது ரத்தக் குழாய் சுவத்தோட ஒட்டிக்கிட்டாச்சு. ஆனா ஸ்பிரிங் போட்ட இடம் ஒரு விரக்கடைகூட இல்ல. மிச்சக் குழாய் உடம்பு பூராவும் ஓடுது. அத யாரு பாத்துக்கிறது?" என்றார். சைக்கிளில் ஏற்றி, பக்கத்திலேயே நின்று, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே மிதிக்க வைத்தார். வியர்த்ததும் கஜேந்திரன் இறங்கப் பார்த்தார். "இது பயந்த வேர்வை இல்ல, வேலை செஞ்ச வேர்வை. மிதிங்க" என்றார் பேச்சி.

சொல்லி நம்பாதவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக என்னைப் பிடித்துக்கொண்டார். ரத்தக்குழாய் விரிந்து கொடுக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. முன்கையில் பட்டையைக் கட்டிச் சில நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுச் சட்டென்று விட வேண்டும். தடைபட்டிருந்த ரத்தம் வேகமாகப் பாயும். அந்த வேகம் உரசும்போது குழாயின் உள்சுவர் ஒரு வாயுவைச் சுரந்து தன்னைத் தளர்த்திக்கொள்ளும். நல்ல குழாய் விரிவதை ஸ்கேனில் பார்க்கலாம். புகையாலும் சர்க்கரையாலும் உட்கார்ந்தே இருப்பதாலும் கெட்டுப்போன குழாய் விறைத்தபடி நிற்கும். சாதாரணமாக மருத்துவமனைகளில் இதைச் செய்வதில்லை. பேச்சியின் நச்சரிப்பு தாங்காமல் நான் செய்ய ஆரம்பித்தேன். பயிற்சிக்கு முன் ஒரு முறை, சில மாதம் கழித்து ஒரு முறை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டியபோது கஜேந்திரன் திரையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என் கையா?" என்றார். "ஒங்க கைதான். நீங்க மிதிச்சது கால்ல. தெறந்துகிட்டது கையில. ஒரே ரத்தம்தானே எல்லா எடத்துக்கும் ஓடுது" என்றார் பேச்சி.

பிறகு கஜேந்திரனின் ஆற்றோரக் குடியிருப்பை இடித்து, நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஆட்டோ ஓட்ட வந்து திரும்புவதற்கே பொழுது சரியாகப் போய்விட்டது. பயிற்சி நின்றது. சில மாதங்களில் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். மறுபடி பட்டை கட்டிப் பார்த்தேன். குழாய் அநேகமாகப் பழைய நிலைக்கே போயிருந்தது. பேச்சி அவரைத் திட்டவில்லை. என்னிடம்தான் பொரிந்தார். "குழாய்க்கு மறதி ஜாஸ்தி டாக்டர். விட்டா மறந்துரும். இந்த மனுசன அம்புட்டுத் தூரத்துல தூக்கிப் போட்டவங்க யாருக்காவது இது தெரியுமா?" கஜேந்திரன் காலைச் சவாரியை முடிக்கும் நேரத்துக்குத் தோதாகப் பேச்சி வகுப்பு நேரத்தை மாற்றினார். அவரும் திரும்ப வந்தார்.

இனி சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம் நோயாளிகள் போன பிறகு பேச்சி என் அறைக்கு வந்து கட்டிலில் படுத்தார். "என் கழுத்தையும் கையையும் ஒருக்கப் பாருங்க" என்றார். பார்த்தேன். கழுத்துக் குழாய்களில் கொழுப்புப் படிவு, அவரைவிட வெகு மூத்தவர்களுக்கு இருக்கும் அளவுக்கு. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "பரம்பரை. எங்க அப்பா கடைக் கல்லாவுல உட்கார்ந்தபடியே போனாரு, நாப்பது வயசு ஆகல. பெரியண்ணன் அதவிடச் சின்ன வயசுல. எனக்குக் காலேஜ் படிக்கும்போதே ரத்தத்துல கொழுப்பு எக்கச்சக்கம்னு சொல்லிட்டாங்க. மாத்திரை அப்பலேர்ந்து. நடையும் அப்பலேர்ந்து." கையில் பட்டை கட்டி விட்டுப் பார்த்தேன். குழாய் அழகாக விரிந்தது. இத்தனை படிவை வைத்துக்கொண்டு அப்படி விரியும் ஒரு குழாயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சொன்னேன். எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "படிஞ்சது படிஞ்சதுதான். அத நடந்து கரைக்க முடியாது, தெரியும். எங்க வீட்டுல ஐம்பதத் தாண்டுன மொத ஆளு நாந்தான். அது போதும்" என்றார். ஏன் யாரிடமும் சொல்வதில்லை என்று கேட்டேன். "சொன்னா என்னைப் பாவமா பாப்பாங்க. பாவமா பாக்கிற ஆளு சொன்னா எவன் சைக்கிள் மிதிப்பான்?"

ஆக, அவருக்குத் தன் உடம்பு தெரியும். வருடாவருடம் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டார், எல்லா மருந்தும் சாப்பிட்டார். அப்பாவும் அண்ணனும் வாழாத வருடங்களை மருந்தும் நடையும் சேர்ந்து அவருக்கு வாங்கிக் கொடுத்தன. அறுபதை நெருங்கும்போது அவருடைய இதயம் நின்றது. அவர் நடந்ததால் அல்ல. அவ்வளவு தூரம் வந்ததே நடந்ததால்தான்.

பயிற்சிக் கூடத்தை மூடிய கதை உங்களில் சிலருக்குத் தெரியும். புதிதாக வந்த நிர்வாக மேலாளர் எங்களை அழைத்து, அந்த இடத்தில் முழு உடல் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரச் சொகுசான கூடம் கட்டப்போவதாகச் சொன்னார். நான் ஸ்கேன் படங்களை எடுத்துப் போயிருந்தேன். அவர் மரியாதையாகப் பார்த்தார். "நல்லாத்தான் மேடம் இருக்கு. ஆனா இந்த பேஷன்ட்லாம் நல்லாயிட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. திரும்ப வர்றதில்லையே" என்றார். பேச்சி அவரை நேராகப் பார்த்துக் கேட்டார், "அவங்க திரும்ப வரணும்னா சார் ஆசப்படுறீங்க?" இரண்டு வாரத்தில் சைக்கிள்கள் போய்விட்டன. பேச்சியைத் தசைவலிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் தம் நோயாளிகளைக் காலை வேளையில் மயிலாப்பூர் பூங்காவுக்கு வரச் சொன்னார். மருத்துவமனைக்குத் தெரியாமல் அல்ல, தெரிந்தேதான்.

அவர் இறந்த அடுத்த வாரம் அந்தச் சொகுசுக் கூடத்திலேயே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். படத்துக்கு மாலை போட்டிருந்தது. பேசியவர்கள் அமைதி காத்த இடங்களில் காபி இயந்திரம் இரைந்தது. மேலாளர், உடற்பயிற்சியின் அவசியத்தை நம் எல்லோருக்கும் கற்றுத் தந்தவர் என்று பேசினார். மறுநாள் காலை என் போனுக்கு மருத்துவமனையின் விளம்பரம் வந்தது. 'தினமும் நடந்தவருக்கே மாரடைப்பு. நீங்கள் பரிசோதித்துக்கொண்டீர்களா?' கீழே முழு உடல் பரிசோதனைக்குச் சலுகை.

நான் மேலாளரின் அறைக்குப் போனேன். "இது யாரைச் சொல்லுது?" என்று கேட்டேன்.

"பேரு போடலையே மேடம்."

"அவங்களுக்குப் பரிசோதனை செய்யாம நோய் தெரியாமப் போச்சா? எல்லா ரிப்போர்ட்டும் இங்கதான் இருக்கு."

"பொதுவா ஒரு விழிப்புணர்வு மேடம். நல்ல ரெஸ்பான்ஸ்."

அந்த விளம்பரம்தான் நீங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது. அதைப் படித்துவிட்டு அவரிடம் பயிற்சி எடுத்த நான்கு பேர் பூங்காவுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் எனக்கே போன் செய்து, "நம்ம மேடத்துக்கே இப்படின்னா, நாம ரெஸ்ட் எடுக்கிறதுதான் சேஃப் இல்லையா?" என்று கேட்டார். பல வருடங்கள் ஒரு பெண் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு போக்கிய பயத்தைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வரி போதுமாக இருந்தது.

இவர்களைவிட என்னைக் கலங்கடித்தவர் சுப்பையா. அதே ரத்தம், அதே நோய். வருடக்கணக்கில் அக்கா சொல்லியும் கேட்காமல், கடைக்குள் நடப்பதே போதும் என்றிருந்தவர். போன வருடம்தான் அக்காவோடு நடக்க ஆரம்பித்திருந்தார். பேச்சியின் நோயைப் பற்றி எழுத அவரிடம் அனுமதி கேட்கக் கடைக்குப் போனேன். பண்டிகைக் கூட்டம். கல்லாவில் அப்பாவின் படத்துக்கும் அண்ணனின் படத்துக்கும் பக்கத்தில் அக்காவின் படமும் ஏறியிருந்தது.

"எழுதிக்கோங்க. இனிமே மறைச்சு என்ன?" என்றார்.

"நீங்க நடக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"அவ உசுரு போன பார்க்குக்கு எப்படி டாக்டர் நான் போவேன்? அவளே போயிட்டா. எங்க வம்சத்துக்கு எழுதினது அவ்வளவுதான்."

"உங்க அக்கா உங்க அண்ணனவிட எத்தனை வருசம் கூட இருந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

அவர் கடைக்குள் வந்த வாடிக்கையாளரிடம் திரும்பி, பட்டா காட்டனா என்று கேட்டார்.

பேச்சியிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். அவர் யாரையும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதே இல்லை. வார்டு வராந்தாவிலோ கல்யாண வீட்டுப் பந்தியிலோ பழைய நோயாளி யாரைப் பார்த்தாலும், வணக்கம்கூடச் சொல்லாமல், "கடைசியா எப்ப நடந்தீங்க?" என்று கேட்பார். பலருக்கு அது பிடிக்காது. எனக்கும் நாகரிகக் குறைவாகத்தான் பட்டது. இப்போது நான் அப்படிக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். சுப்பையாவுக்கு ஒவ்வொரு நாளும் காலையில் போன் செய்து கேட்கிறேன். முதலில் மழுப்பினார். பிறகு எரிந்து விழுந்தார். இன்று ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

நாளைக்கும் கேட்பேன்.