வாய்க்காலில் வந்த எலுமிச்சம்பழம்

ஒரு நாள் காலை கடை ஷட்டரைத் திறக்க வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். படிக்கு அடியில், சாக்கடைத் தண்ணீரில், ஓர் எலுமிச்சம்பழம் ஒதுங்கிக் கிடந்தது. நல்ல மஞ்சள் பழம். அதன் மேல் சிவப்பாக ஒரு கோடு வேறு.

இந்தச் சூனியம், கழிப்பு எல்லாவற்றிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கிடையாது என்பதால்தான் பக்கத்து சலூன் படியில் ஏறி, சுவரை ஒட்டிப் பல்லி மாதிரி நகர்ந்து என் கடைக்குள் போனேன்.

மறுநாள் இரண்டு பழங்கள். வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஒங்களுக்கு எவன் சூனியம் வைக்கப் போறான்?" என்றாள் மனைவி. "அதுக்கும் ஒரு தகுதி வேணும்ங்க."

மூன்றாம் நாள் விடிந்ததும் வந்து ஷட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஐம்பதை நெருங்கும் ஜெராக்ஸ் கடைக்காரன், கையில் ஆயுதமாக ஸ்டேப்ளர். தெரு முனையில் எங்கள் வார்டு கவுன்சிலரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, வாய்க்காலில் ஒரு எலுமிச்சம்பழத்தை விட்டார். பக்கத்தில் துப்புரவு மேற்பார்வையாளர், கையில் நோட்டோடு. பழம் உருண்டு, மிதந்து, நேராக என் படிக்கு வந்து நின்றது. பின்னாலேயே கவுன்சிலரம்மாவும் வந்தார்.

"அண்ணே, எதுக்கு உள்ள உக்காந்திருக்கீங்க? வெளிய வாங்க."

வந்தேன். ஸ்டேப்ளரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"மூணு நாளா பாக்குறேன். எந்தப் பழத்தை விட்டாலும் ஒங்க படியத் தாண்ட மாட்டேங்குது."

"எலுமிச்சம்பழம் எதுக்கும்மா? ஒரு கட்டையப் போட்டுப் பாக்கக் கூடாதா?"

"கட்டை ஓரத்துல ஒட்டிக்கும். பந்தைப் போட்டா எடுத்துட்டுப் போயிருவாக. எலுமிச்சம்பழத்தை நம்ம ஊருல எவனாச்சும் தொடுவானா? நீங்க தொட்டீங்களா?"

"அந்தச் சிவப்புக் கோடு?"

"நான் போட்டதுன்னு தெரிய வேணாமா? ஊருக்குள்ள வேற பழமும் கெடக்குல்ல."

மாவு மில் நடத்துகிற அம்மா அவர். ஓட்டு எண்ணி முடித்த மறுநாளும் மில்லில்தான் இருந்தார். வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இவரைப் போல யோசிக்க எனக்கு மூன்று ஜென்மம் வேண்டும். ஆனால் அன்று எனக்கு வியக்க நேரமில்லை. காரணம், ஒரு மனு.

போன மழைக்கு வாய்க்கால் பொங்கி, தெருவின் கடைசி வீட்டுத் தையல்காரர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மிஷினைக் கட்டில் மேல் ஏற்றி வைத்துவிட்டு மனுஷன் நின்றபடியே இருந்தார். அதைப் பார்த்து ஆவேசம் வந்து தெருவின் சார்பில் நகராட்சிக்கு மனு எழுதியவன் நான்தான். "அடைப்புக்குக் காரணமானவர் எவராயினும், தயவு தாட்சண்யமின்றி, அன்னாரது கட்டுமானத்தை இடித்துத் தரைமட்டமாக்க வேண்டுகிறோம்." தரைமட்டமாக்க என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். முதல் கையெழுத்தும் என்னுடையது.

அந்தக் கட்டுமானம் என் படி. கடை திறந்தபோது வாய்க்காலில் ஒரு சின்னக் குழாயைப் போட்டு, மேலே காங்கிரீட்டைக் கொட்டி நானே கட்டியது. கடையோ தரையிலிருந்து மூன்றடி உயரம். வருகிறவர்களில் பாதிப் பேர் முதியோர் பென்ஷனுக்கு விண்ணப்பம் போடும் முட்டிவலிக்காரர்கள். படி போனால் கடையும் போனது.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல வருதுண்ணே. வந்து உக்காந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதற்குள் நகராட்சியின் ஜெராக்ஸ் மிஷின் பழுதாகி, கூட்டத்துக்கான அஜெண்டாவை உதவியாளர் என் கடைக்கே தூக்கிவந்தார். பதினாலாவது பொருள் எங்கள் தெரு வாய்க்கால். இணைப்பாக என் மனு. எமன் அனுப்பிய ஓலையை எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள். ஒவ்வொரு கவுன்சிலருக்கும் ஒரு பிரதி வீதம், இரண்டு பக்கமும் நகலெடுத்து, ஓரம் மடித்துப் பின் அடித்துக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். டிவியில் பார்க்கிற சபை மாதிரி மேசை பறக்கும் என்று நினைத்திருந்தேன். சத்தம் இருந்தது, ஆனால் அது எந்தக் கம்பத்து விளக்கை எந்தக் கொடி மறைக்கிறது, மேட்டுத் தெருவில் எத்தனையாவது வீட்டோடு குழாய்த் தண்ணீர் நிற்கிறது என்கிற சத்தம். வீடு வீடாக ஏறி இறங்காதவர்கள் இப்படிச் சண்டை போட முடியாது. எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் தலைவரோடு தொண்டை வறளக் கத்திவிட்டு, அவரிடமே பேனாவை இரவல் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

நான்தான் எதையும் ஒழுங்காகக் கேட்கவில்லை. இவர்களாகக் கண்டுபிடித்து இடிப்பதைவிட நாமே ஒப்புக்கொள்வது கௌரவம் என்று தோன்ற, சடாரென்று எழுந்துவிட்டேன்.

"ஐயா, அது நான்தாங்க! என்னாலதான் தெருவே நாறுது. மன்னிச்சிருங்க!"

தலைவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஒக்காருங்கய்யா. ஒங்களுது பதினாலு. இப்ப ஓடுறது பதிமூணு, தெருநாய்."

அஜெண்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். என் கடையில் எடுத்த நகல்தான். மூடுவதற்கு நல்ல கனமான தாள்.

பதினாலு வந்தது. கவுன்சிலரம்மா எழுந்தார். "அந்தத் தெருவுல இது மாதிரி பதினோரு படி இருக்குங்க. ஒண்ணை மட்டும் இடிச்சா மத்தது அடைக்காதா? எல்லாப் படியையும் அறுத்து, வாய்க்காலச் சுத்தம் பண்ணி, வளையம் வச்ச பலகைக் கல்லாப் போட்டுருவோம். மாசம் ஒருக்கா அவுகவுக தூக்கிக் குடுக்கணும். அடுத்த மழைக்குள்ள செய்யணும். தையக்கார அண்ணன் மிஷின இன்னும் கட்டில்லருந்து எறக்கல."

"மனுவுல தரைமட்டமாக்கணும்னு போட்டிருக்கே?" என்றார் தலைவர்.

"எழுதுனவரு கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாருங்க. சொந்தப் படின்னு தெரியாது பாவம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்க்கட்சியும்தான் சிரித்தது.

திங்கட்கிழமை துப்புரவுப் பணியாளர்கள் நான்கு பேர் வந்தார்கள். அறுக்கத் தொடங்கும் முன்பே, முட்டிவலிக்காரர்கள் ஏற ஒரு சாய்வுப் பலகையைப் போட்டுவிட்டார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. குழாயை உடைத்ததும் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. கேரி பேக் கொஞ்சம். மீதி முழுக்க என் கடையில் வீணாகி, நானே கசக்கி எறிந்த தாள்கள். பணியாளர் அம்மா ஒருவர் கையுறை போட்ட கையால் ஒன்றை விரித்து நீட்டினார்.

"சார், தரைமட்டம்னு பெருசாப் போட்டிருக்கே, இது வேணுமா?"

மனுவின் முதல் பிரதி. எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்று எறிந்தது.

மதியத்துக்குள் என் கடை வாசலில் கல் பொருந்திவிட்டது. மற்ற பத்துப் படிகள் மறுநாள் முதல். சாயங்காலம் கவுன்சிலரம்மா மில் மாவு படிந்த கையால் மஞ்சப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் தந்தார். "நீங்களே விடுங்கண்ணே. பயப்படாதீங்க, மந்திரிச்சதில்ல."

தெரு முனையில் விட்டேன். பழம் சலூனைத் தாண்டியது. என் வாசல் கல்லுக்குக் கீழே நுழைந்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டு வாசலில் தையல்காரர் கையைத் தூக்கி ஆட்டினார்.

"போயிருச்சுங்க! நிக்கவே இல்ல!"

பிறகு அவர் வீட்டுக்குள் போனார். கட்டிலிலிருந்து தையல் மிஷினை இறக்கும் சத்தம் தெரு முனைவரை கேட்டது.