இழுக்காமல் அளப்பவர்

துணியை மேஜையில் விரித்ததும் மீட்டரக்கா இரண்டு கைகளையும் எடுத்துவிடுவார். வாங்க வந்தவர் அவசரப்படுவார், இவர் அவசரப்படமாட்டார். சுருளிலிருந்து இழுபட்டு வந்த துணி மேஜைமேல் தானாகவே சற்று உள்வாங்கும். அது அடங்கும்வரை அளவுக்கம்பைத் தொடவே மாட்டார். "இருங்க, இப்பத்தானே சுத்துலேருந்து வந்திருக்கு. கொஞ்சம் ஆறட்டும்" என்பார், அடுப்பிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல. பிறகு கம்பை வைத்து, கட்டைவிரல் நகத்தால் குறித்து, கத்தரியை ஒரே ஓட்டமாக ஓட்டுவார். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் கோடு போட்டு வெட்டியது என்றுதான் சொல்வீர்கள்.

மூன்று மாடித் துணிக்கடை அது. கீழ்த்தளத்து வெட்டு மேஜையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறார். நிற்கிறார் என்பதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார எதுவும் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் கடையில் பாதிப் பேருக்குத் தெரியாது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரை நானும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர் தனக்கென்று துணி எடுத்தால் அதைத் தானே அளக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்காரர்தான் அளந்து வெட்ட வேண்டும். முதலாளி போட்ட சட்டமா என்று ஒருநாள் கேட்டேன். "சட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நம்ம துணின்னா கை தானா ரெண்டு விரக்கடை தாராளமாப் போயிடும். நமக்கே தெரியாது. அதான்."

வீட்டில் அவர் என் தலைக்குமேல் குடியிருக்கிறார். மாடிப் பகுதியில் மீட்டரக்கா, அவருடைய வீட்டுக்காரர், மீட்டரக்காவுடன் பிறந்த அக்கா என்று மூன்று பேர். வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். தங்கமான மனிதர், ஆனால் வாய் ஓயாது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. தினமும் மாலை ஏழரை மணிக்கு இவர் படியிறங்கி வந்து என் வாசலில் நிற்க ஆரம்பித்தார். என்ன விஷயம் என்று கேட்டால், "மேல பிரஷர் பாக்குறாங்க சார். அஞ்சு நிமிஷம் யாரும் பேசக் கூடாதாம். என்னால ஆகுமா? அதான் நானே வெளியே வந்துட்டேன்" என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் பேச வேண்டியதை எல்லாம் என்னிடம் பேசினார். மாடியில் ரேடியோ நின்றிருக்கும். பாத்திரச் சத்தம்கூட வராது.

மீட்டரக்காவுக்கு ரத்த அழுத்தம் எப்படி இருந்தது என்பதை நான் இவர் மூலம்தான் தவணை தவணையாகத் தெரிந்துகொண்டேன். வீட்டில் பார்த்தால் 158, 160. கிளினிக்குக்குப் போனால் 126. இரண்டு முறை போய்விட்டு வந்தார். இரண்டு முறையும் டாக்டர், "வீட்டு மெஷினை நம்பிப் பயப்படாதீங்கம்மா, உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டார். வேறு யாராயிருந்தாலும் பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக எண்ணிச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பார்கள். நான் வந்திருப்பேன். எனக்கும் இந்த உபாதை உண்டு, ஒரு மெஷினும் உண்டு. உட்கார்ந்து ஐந்து முறை எடுப்பேன், ஐந்தில் எது பார்க்க லட்சணமாக இருக்கிறதோ அதை மட்டும் பென்சிலால் நோட்டில் குறித்துக்கொள்வேன். மனத்துக்கு ஒரு தெம்பு.

மூன்றாம் முறை போகும்போது வீட்டுக்காரர் என்னைத் துணைக்கு அனுப்பினார். "நான் போனா டாக்டரோட சண்டை போட்டுக் காரியத்தைக் கெடுத்துடுவேன் சார்." காத்திருக்கும் அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மீட்டரக்கா முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி, மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார். அவர் முகம் அத்தனை சாந்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே போனதும் பையிலிருந்து வீட்டு மெஷினை எடுத்து டாக்டரின் மேஜையில் வைத்தார். "ரெண்டையும் வச்சுப் பாருங்க டாக்டர். எங்க கடையில கம்பு மேல சந்தேகம் வந்தா இன்னொரு கம்பைப் பக்கத்துல வச்சுப் பாத்துடுவோம்." டாக்டர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவருடைய கருவியில் 126. சற்று நேரம் விட்டு, அதே கையில் இவருடைய மெஷினைக் கட்டிப் பார்த்தார். 128. டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. மெஷின் பொய் சொல்லவில்லை என்றால் ஏழு மாதமாக வீட்டில் அது காட்டியதெல்லாம் உண்மை.

அப்போதுதான் நோட்டை வாங்கிப் புரட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நடுவே ஒரு நிமிட இடைவெளி. ஒருநாள் விடவில்லை. பேனாவால் எழுதியது, அடித்தல் திருத்தல் இல்லை. சில இடங்களில் பக்கத்திலேயே குறிப்பு: 'டீ குடித்த பிறகு', 'படியேறியதும் எடுத்தது, சேர்க்க வேண்டாம்', 'மாப்பிள்ளை பேசிவிட்டார்'. எழுத்துதான் கண்ணை உறுத்தியது. முதல் பக்கங்களில் எண்கள் கோட்டுக்கு மேலும் கீழும் தள்ளாடின. எட்டு என்பது ஒன்றன்மேல் ஒன்று வைத்த இரண்டு கூழாங்கல்லாக இருந்தது.

"யாரும்மா எழுதுறது? வீட்டுல குழந்தையா?"

"எங்கக்கா, டாக்டர். வலது கை வராது. இடது கையால எழுதுறா." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு நானே எழுதினா கை குறைச்சு எழுதிடும். அவ எழுதினா அந்தத் தப்பு வராது" என்றார்.

டாக்டர் அட்டையைத் திருப்பினார். அதன் உள்பக்கத்தில் ஒரு பழைய கிளினிக் சீட்டு ஒட்டியிருந்தது. வேறு ஏதோ கிளினிக், வேறு யாரோ டாக்டரின் கையெழுத்து. 124/80, கவலை வேண்டாம்.

"அக்காவோடது. இது வாங்கிட்டு வந்து பன்னெண்டாம் நாள் ஆபீஸ்ல விழுந்துட்டா. வலது பக்கம் வராமப் போச்சு. பள்ளிக்கூட ஆபீஸ்ல சர்ட்டிபிகேட் எழுதுற வேலை. அச்சு மாதிரி இருக்கும் எழுத்து." இதைச் சொல்லும்போது மீட்டரக்காவின் குரலில் அழுகை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. "எனக்கு இங்க நல்லாருக்குன்னு நீங்க சொல்லும்போதெல்லாம் பயமா இருக்கு டாக்டர். அவளுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

 பயந்தவர்கள் மெஷினை ஒளித்து வைத்துப் பார்த்திருக்கிறேன், கடவுள்மேல் பாரத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பயத்தை ஏழு மாதம் காலையும் மாலையும் சரியாக அளந்து எழுதி வைத்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எந்தக் கிழமையில வர்றீங்க?"

"வார லீவுலதான்."

"இன்னைக்கு எவ்வளவு நேரம் வெளியே உக்காந்திருந்தீங்க?"

"ஒன்றரை மணி நேரம் இருக்கும்." மீட்டரக்கா சற்று யோசித்தார். "வாரத்துல நான் இவ்வளவு நேரம் சேர்ந்தாப்ல உக்காருறது இங்கதான் டாக்டர்."

அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. கேட்ட தகவலைக் கொடுத்தார், அவ்வளவுதான். "அப்ப நீங்க ஓய்ஞ்சிருக்கும்போது மட்டும்தான் நான் பாத்திருக்கேன்" என்றார் டாக்டர். மறுநாள் வேலை முடிந்து நேராக வரும்படி டாக்டர் சொன்னார். வந்தார். காத்திருக்க வைக்காமல் ஐந்து நிமிடம் மட்டும் உட்காரச் சொல்லி, தன் கருவியிலேயே பார்த்தார். 154. சிலருக்கு டாக்டரைக் கண்டால் ஏறும், வீட்டில் இறங்கிவிடும். சிலருக்கு நேர்மாறாக இங்கே ஒளிந்துகொள்ளும், வீட்டில் எடுத்தால்தான் பிடிபடும் என்று விளக்கினார். நிற்கிற வேலையும் ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டுமே என்று சொல்ல முடியாது என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், மாத்திரை எழுதினார், கடைக்கும் ஒரு கடிதம் எழுதினார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார்.

கடிதத்தைப் பார்த்த கடை மேலாளர் முகம் சுளித்தாராம். "கஸ்டமர் முன்னாடி உக்காந்திருந்தா மரியாதையா இருக்காதேம்மா." மீட்டரக்கா அளவுக்கம்பை எடுத்துக் காட்டி, "நான் உக்காந்து அளந்தாலும் மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர்தான் சார்" என்றாராம். ஒரு வாரத்தில் முக்காலி வந்தது. இன்னொரு வாரத்தில் பக்கத்து மேஜைக்காரரும் ஒன்று கேட்டு வாங்கிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, எப்போதும்போல வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். "நீங்க போய்ப் பாருங்க சார், உங்களுக்கு வாயைக் கட்டத் தெரியும்" என்று என்னை மேலே அனுப்பிவிட்டு என் வாசலில் தனியாக நின்றுகொண்டார்.

மீட்டரக்கா சுவரோரம் நாற்காலியில் நிமிர்ந்து சாய்ந்திருந்தார். பாதங்கள் இரண்டும் தரையில் படிந்திருந்தன. மேஜை தாழ்வு, கை நெஞ்சு உயரத்துக்கு வர, கடையில் மிஞ்சிய கட்பீஸ்களை மடித்து அடுக்கிக் கைக்கு அடியில் வைத்திருந்தார். எதிரே மூத்தவர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இடது கையை விரித்து வைத்திருந்தார். நிமிடத்துக்கு ஒரு விரலாக மடிந்தது. ஐந்தாவது மடிந்ததும் அவரே பொத்தானை அழுத்தினார். பட்டை இறுகியது, தளர்ந்தது. 134/84.

"அட!" என்றேன். மூத்தவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள்மேல் எனக்கு இரக்கம் வந்தது. ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது: 130/82. பேனா மூடியைப் பல்லால் கழற்றி, பேனாவை இடது கையில் பிடித்து, இரண்டையும் எழுதினார். எண்கள் கோட்டின்மேல் வரிசையாக உட்கார்ந்தன. எட்டு இப்போது எட்டாகவே இருந்தது. நோட்டை நான் பின்னோக்கிப் புரட்டினேன். ஒருபக்கம் தங்கையின் அழுத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அதே வரிகளில் அக்காவின் கை ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த நாற்பது பக்க நோட்டை மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ரெண்டுல சின்னதை மட்டும் எழுதினா என்ன?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து அளக்கச் சொல்லும் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல மீட்டரக்கா என்னைப் பார்த்தார். "உங்க நோட்டு எங்க சார்?"

சட்டைப்பையில்தான் இருந்தது. கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். 122, 124, 122, 120.

"எல்லாம் ஒரே நீளமா இருக்கே" என்றார்.

எனக்குக் காது சுட்டது. அவர் எழுந்து தன் நாற்காலியை எனக்கு விட்டார். கட்பீஸ் அடுக்கில் இரண்டைக் குறைத்து என் உயரத்துக்குச் சரிசெய்தார். சட்டைக் கையை மேலே ஏற்றி, பட்டையை வெறும் தோலில் படும்படி சுற்றினார். உடனே பார்த்துவிடலாமே என்று நான் பொத்தானுக்குக் கையை நீட்டினேன்.

"இருங்க, இப்பத்தானே படியேறி வந்திருக்கீங்க. கொஞ்சம் ஆறட்டும்."

மூத்தவர் இடது கையை உயர்த்தி ஐந்து விரல்களையும் விரித்தார். நான் வழக்கம்போலப் பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு நோட்டுக்காகக் கையை நீட்டினேன். மீட்டரக்கா அதை என்னிடம் தரவில்லை. மேஜையின் மறுபக்கம், அக்காவின் இடது கைக்கு எட்டும் இடத்தில் விரித்து வைத்தார்.