முதல் பந்தியிலேயே சொல்லிவிடு

சப்பாத்தில் ஒட்டிய பனி உருகி நிலத்தில் வடிந்துகொண்டிருந்தது. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் என் மனைவி சமையலறைக் கதிரையில் அமர்ந்து, ஆசிரியை திருத்திக் கொடுத்த கட்டுரையை என் முன்னால் வைத்தாள். ஒஸ்லோவின் ரொம்சோஸ் தொடர்மாடியில் நாங்கள் குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தாயிரம் பிறந்த பரபரப்பு அடங்கி, எல்லோரும் கைத்தொலைபேசிக்குப் பழகிக்கொண்டிருந்த காலம். கட்டுரையின் அடியில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது: 'நீ என்ன நினைக்கிறாய்?'

"இலக்கணப் பிழை பெரிசா இல்லையாம். ஆனா இது கட்டுரையே இல்லையாம்," என்றாள்.

அவள் அப்போது பக்கத்திலிருந்த முதியோர் இல்லத்தில் சமையலறை உதவியாளாக இருந்தாள். முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் படிக்க வேண்டும் என்பது அவளது ஆசை. அந்தப் படிப்பில் சேர நோர்வேஜிய மொழியில் எழுத்துப் பரீட்சை சித்தியடைய வேண்டும். அதற்காக, வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடத்துக்கு வேலை முடிந்து போய்வந்தாள். நான் பஸ் ஓட்டினேன். என் நோர்வேஜியம் தெருப் பெயர்களோடும் பயணிகளோடும் நின்றுவிட்டது. கட்டுரை எழுதும் தேவை எனக்கு வரவில்லை.

கட்டுரையை அவள் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். பிள்ளைகள் வீட்டுவேலை செய்ய வேண்டுமா என்பது தலைப்பு. மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலிருந்து தொடங்கியிருந்தாள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். உலகம் தோன்றிய நாளிலிருந்து புறப்பட்டால்தான் பேருந்து நிலையம் பற்றிய கட்டுரைக்கும் ஒரு மதிப்பு. பிறகு சிலர் ஆம் என்பார்கள், சிலர் இல்லை என்பார்கள், இரு பக்கமும் நியாயம் உண்டு என்று முடித்திருந்தாள். எனக்கு அந்தக் குகை நன்றாகப் பிடித்திருந்தது. "நல்லாத்தானே எழுதியிருக்கிறீர்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆசிரியை சொன்னதைத் தனக்கே சொல்வதுபோல ஒப்புவித்தாள். உன் கருத்தை முதல் பந்தியிலேயே சொல்லிவிடு. பிறகு ஒரு பந்திக்கு ஒரு காரணம். ஒவ்வொன்றுக்கும் நீ கண்ட ஓர் உதாரணம். எதிர்ப்பக்கத்தின் மிகப் பலமான காரணத்தை ஒளிக்காமல் எடுத்துச் சொல்லி, அதற்குப் பதில் கொடு. முடிவுரையில் புதிதாக ஒன்றையும் கொண்டுவராதே. இவற்றில் முதலாவதுதான் அவளுக்குப் பெருங்கஷ்டமாக இருந்தது. "எடுத்த எடுப்பில நான் இப்பிடித்தான் நினைக்கிறன் எண்டு எழுதக் கை கூசுது," என்றாள்.

எனக்கு அந்தக் கூச்சம் விளங்கியது. என்ன கேட்டாலும் "உங்கட விருப்பம்" என்பாள். எந்த மீன் வாங்குவது, கோடை விடுமுறைக்கு எங்கே போவது, சுவருக்கு என்ன நிறம், எல்லாவற்றுக்கும் அதே பதில். எங்கள் இருவருக்கும் ஒரே ரசனை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த வசந்தத்தில் எனக்கு வீட்டு ஆசை பிடித்தது. என்னோடு பஸ் ஓட்டிய நண்பர் ஒருவர், நகரத்தின் மறுகோடியில், மோர்டென்ஸ்ருட்டில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடொன்று வாங்கியிருந்தார். வாசலில் ஒரு துண்டு நிலம். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. அவருக்கு அடுத்த தெருவில் இன்னொரு வீடு விற்பனைக்கு வந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். "உங்கட விருப்பம்," என்றாள். திங்கட்கிழமை எங்கள் விலையைச் சொல்வதாக, வீட்டை விற்கும் முகவரிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒரு விஷயம் கதைக்க வேணும். முடிவை முதலே சொல்லுறன். எனக்கு மோர்டென்ஸ்ருட்டுக்குப் போக விருப்பமில்லை."

இரண்டாம் வகுப்புப் படித்த மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதலாவது காரணம், என்ர வேலை. இப்ப நடந்து போறன். அங்கையிருந்தெண்டால் விடியவே எழும்பி நகரத்தை முழுக்கக் கடக்கவேணும். படிப்பும் வேலையும் ரெண்டும் ஓடாது. ரெண்டாவது, இவள். பள்ளிக்கூடத்தில வாயே திறக்காமல் இருந்த பிள்ளை. போன கிழமை கீழ்வீட்டுப் பிள்ளையோட படியில இருந்து சத்தம் போட்டுச் சிரிச்சவள். நான் கதவைத் திறக்காமல் நிண்டு கேட்டனான்."

ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"உங்கட பக்கத்திலயும் பலமான காரணம் ஒண்டு இருக்கு. கால் வைக்க ஒரு துண்டு மண் வேணும் எண்டு நினைக்கிறியள். பல்கணியில மிளகாய்க் கண்டுக்கு நீங்கள் தண்ணி விடுறதைப் பாக்கிற எனக்கு அது தெரியாதே? ஆனா அதுக்கு வீடு மாறத் தேவையில்லை. இஞ்சை, காட்டோரத்தில தோட்டம் செய்யத் துண்டு நிலம் வாடகைக்குக் குடுக்கினம். விசாரிச்சிட்டன். முடிவுரையில புதுசா ஒண்டும் சொல்லக்கூடாது. அதால இவ்வளவுதான்."

"அப்பா, இப்ப நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் மகள்.

எனக்குக் கோபம் வந்திருக்கலாம், வந்தது வியப்புத்தான். என் ஆசையை நான்கூட இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்காகவும் யோசித்து, என் பக்கத்தையும் தானே பேசிவிட்ட ஒருத்தியோடு எப்படி வாதாடுவது? மறுநாள் முகவருக்கு வேண்டாம் என்று சொன்னேன். சித்திரை முடிய மண் இளகியதும், காட்டோரத்துத் துண்டில் உருளைக்கிழங்கு நட்டோம்.

வைகாசியில் பரீட்சை எழுதினாள், சித்தியடைந்தாள். ஆவணியில் புதிய படிப்புத் தொடங்கியது.

இலையுதிர் காலத்தில் மகளின் வகுப்புப் பெற்றோர் கூட்டம் வந்தது. வழக்கமாக நாங்கள் பின்வரிசையில் அமர்ந்து தலையாட்டிவிட்டு வருவோம். அன்று, பள்ளி முடிந்தபின் வீட்டுப்பாடத்துக்கு உதவும் நேரத்தைக் குறைக்க யோசிப்பதாக ஆசிரியர் சொன்னார். என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. சின்னப் பிள்ளைகளின் கதிரையில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். குறைக்கக்கூடாது என்பது தன் கருத்து என்று என் மனைவி நோர்வேஜிய மொழியில் தொடங்கினாள். குரல் முதலில் நடுங்கியது. இரண்டாவது காரணத்துக்கு வந்தபோது நடுங்கவில்லை. ஆசிரியர் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார். முன்னால் இருந்த பாகிஸ்தானியத் தாய் ஒருவர் திரும்பி, பலமாகத் தலையசைத்தார்.

வெளியே வந்து நடக்கும்போது, "கூடக் கதைச்சுப்போட்டனோ?" என்று கேட்டாள்.

"இல்லை. அளவாத்தான்," என்றேன்.

"இன்னுமொரு காரணம் இருந்தது. நேரம் காணாதெண்டு விட்டிட்டன்."

"அதை எனக்குச் சொல்லும்," என்றேன். வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.