விட்டவருக்கு மோட்டார்

என் தம்பிக்கு அரசாங்கத்தில் திட்டம் எழுதும் வேலை. மண்ணைக் கெடுக்காமல் வெள்ளாமை செய்கிறவர்களுக்கு என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று யோசித்து எழுத வேண்டும். அவன் அறைச் சுவரில் மண்புழுப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மலைப்பாம்பு அளவுக்கு இருக்கும். நிஜ மண்புழு ஒன்று செருப்பில் ஏறினால் வரப்பிலிருந்து குதித்து ஜீப்பில் போய் உட்கார்ந்துகொள்வான்.

கெட்டவன் இல்லை. யாரிடமும் கை நீட்டாதவன். அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

சின்ன வயதில் ஓயாமல் அழுவான். அம்மாவுக்கு அடுப்பு வேலை ஓட வேண்டும். "அழுகைய நிறுத்து கண்ணு, மிட்டாய் தரேன்" என்பாள். நிறுத்துவான். மிட்டாய் வாய்க்குள் போகும். ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் நான், "எனக்கும்மா?" என்பேன். "நீதான் அழவே இல்லையே, உனக்கு எதுக்கு?" என்பாள். அந்த நியாயத்தை அவன் மிட்டாயோடு சேர்த்து விழுங்கிவிட்டான். பிறகு படித்த பெரிய படிப்பெல்லாம் அதன் மேல்தான் போய் உட்கார்ந்தது.

எங்களுக்குக் கிணறும் கொஞ்சம் காய்கறித் தோட்டமும் உண்டு. என் வீட்டுக்காரர் பயிருக்கு மருந்து அடித்ததே இல்லை. பெரிய கொள்கை எல்லாம் கிடையாது. மருந்து நெடி மூக்கில் ஏறினால் அவருக்குத் தும்மல் நிற்காது, அவ்வளவுதான். அதை யாராவது மண் மேல் வைத்த பாசம் என்று சொன்னால் மறுக்கவும் மாட்டார், தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

தம்பிக்கு இது நன்றாகத் தெரியும். ஞாயிறு தவறாமல் பெரிய பையோடு வந்துவிடுவான். "பிள்ளைங்களுக்கு அக்கா, மருந்து படாத காய்" என்று கத்தரியும் வெண்டையும் பை நிறைய வாங்கிப் போவான். பூச்சி அரித்த காயைப் பார்த்தால் நகைக்கடையில் நிற்பவன் போல முகம் மலரும். "இதான் அக்கா அத்தாட்சி" என்பான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டான். எங்கள் கிணற்று மோட்டார் அப்போது இழுத்துக்கொண்டிருந்தது. போட்டால் இருமும், கொஞ்சம் துப்பும், நின்றுவிடும்.

"அத்தான், என் திட்டம் பாஸாயிடுச்சு. மருந்த விட்டவங்களுக்கு சோலார் மோட்டார், இலவசம்."

என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "எப்ப மாப்பிள்ள கொண்டு வந்து இறக்குவாங்க?"

"உங்களுக்கு எப்படி அத்தான் வரும்? நீங்க எதை விட்டீங்க?"

"நான் அடிக்கவே இல்லையேப்பா."

"அதான் சொல்றேன். அடிச்சு, விட்டாத்தான் மாற்றம். நாங்க மாற்றத்துக்குத்தான் குடுக்கறோம்."

"அப்ப நான் இத்தன வருஷம் சும்மா இருந்தது?"

"சும்மா இருந்ததுக்கு எந்த அரசாங்கம் அத்தான் பரிசு குடுக்கும்?" என்று சொல்லிவிட்டுப் பையை விரித்துப் பிடித்தான். நான் வெண்டைக்காயைப் போட்டேன். எனக்கு மூக்கில் பழைய வெங்காய நெடி அடித்தது.

மோட்டார் யாருக்கு வந்தது தெரியுமா? பக்கத்து வயல்காரருக்கு. ஊரில் அவருக்கு மேகம் என்று பேர். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்துப் புகைக்குள்தான் அவர் நடமாடுவார். ஆளைப் பார்த்தவர்கள் குறைவு, புகையைப் பார்த்தவர்கள்தான் அதிகம். நிறைய அடித்தவர் விட்டால் நிறைய மாற்றம் அல்லவா? முதல் மோட்டார் அவருக்கே. பந்தல் போட்டு, மாலை போட்டு, வயல் முகப்பில் 'பசுமை விவசாயி' என்று பலகையும் நட்டார்கள். தம்பி மேடையில் அவர் கையைப் பிடித்து உயர்த்தினான். மேகம் அழுதேவிட்டார்.

பலகை முன்பக்கம் பார்த்து நிற்கிறது. மேகம் இப்போது பின்பக்கம் நின்று அடிக்கிறார்.

"என்னண்ணே, விட்டாச்சுன்னாங்க?" என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"விட்டாச்சும்மா. இது மிச்சம் இருந்தது, வீணாப் போகக்கூடாதுல்ல" என்றார். அந்த மிச்சம் தீர்ந்தபாடில்லை.

சித்திரமாய்க் காய்த்த கத்தரி வாடத் தொடங்கிய வாரம் எங்கள் மோட்டார் ஒரேயடியாய் அடங்கிப்போனது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் போலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கயிறு போட்டு இறைத்துக் குடம் குடமாகச் சுமந்தோம். என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

தம்பி பார்த்தான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை. யோசித்தான். அவன் யோசித்தாலே எனக்குப் பயம்தான்.

"அத்தான், ஒரே ஒரு தடவ அடிங்க. முதுகுல டேங்கோட ஒரு போட்டோ. அப்புறம் விட்டிருங்க. அடுத்த மோட்டார் உங்களுக்குத்தான்."

"நல்லவனா இருக்கறதுக்கு முன்னாடி கெட்டவனா இருக்கணுமாடா?" என்றேன்.

"விதிமுறை அக்கா."

"எழுதுனது யாரு?"

"நான்தான்."

மேகத்திடம்தான் டேங்க் இரவல் வாங்கினோம். அவரும் மகிழ்ச்சியோடு, "இந்த மருந்து நல்லாக் கேக்கும்" என்று தன் மிச்சத்திலிருந்தே ஊற்றிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் நாலு பாத்தி அடிப்பதற்குள் நாற்பது தும்மல். ஆபீஸ் ஆள் போட்டோ எடுக்க வந்தார். "சார், கொஞ்சம் தும்மாம நில்லுங்க, ஆடுது" என்றார். கண்ணில் நீர் வழிய, மூக்கு சிவக்க, கெட்டவராக நின்றார் என் வீட்டுக்காரர். முதல் தடவை என்பது போட்டோவிலேயே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். முகமெல்லாம் பிரகாசம்.

"மேலிடத்துல என் திட்டத்த அலசிட்டாங்க அக்கா. மோட்டாருக்காகவே சில பேர் புதுசா மருந்து அடிக்கறாங்களாம். கேவலம். ராத்திரி பகலா உக்காந்து ஓட்டைய அடைச்சிட்டேன். இனிமே மூணு வருஷமா அடிக்காதவங்களுக்கு மட்டும்தான்."

நான் அவனையே பார்த்தேன். அவனுக்கு உறைக்கவில்லை. திருத்திய திட்டத்தின் அழகிலேயே நின்றான்.

"அப்ப எனக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு..." என்று சொல்ல வந்தவன், அப்போதுதான் நின்றான். "உங்க போட்டோ ஃபைல்ல இருக்கே அத்தான்."

பிறகு அவன் கை பழக்கத்தில் பையை விரித்தது.

"தாராளமா எடுத்துக்க மாப்பிள்ள" என்றார் இவர். "உன் திட்டப்படி விளைஞ்சது."

தம்பி ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பளபளவென்று இருந்தது, ஒரு பூச்சி ஓட்டைகூட இல்லை. மெதுவாகத் தரையில் வைத்துவிட்டான்.

"பிள்ளைங்க சாப்பிடணுமே அத்தான்..."

"பக்கத்து வயல்ல வாங்கிக்க. பலகையே வச்சிருக்காரு. நீதான் வச்ச."

தம்பி அந்தப் பக்கம் திரும்பினான். பலகைக்குப் பின்னால் புகை மெல்ல நகர்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்து, "வணக்கம் சார்!" என்றது. தம்பி பையைச் சின்னதாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

சாமி முன்னால் நிற்கும்போது அவனுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். பதவி உயர்வு கேட்பதில்லை. அது தானாக வந்துவிடும். அவன் காலில் கொஞ்சம் சேறு ஒட்டட்டும் என்றுதான் கேட்பேன்.

அன்றைக்குத் தண்ணீர் ஊற்றாத பாத்தி இன்னும் பாதி கிடந்தது. கிணற்றடியில் நிறைந்திருந்த குடங்களில் ஒன்றை நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன். இன்னொன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி வரப்பிலேயே நின்றான். குடம் சற்றுச் சாய்ந்து, தண்ணீர் அவன் ஷூ மேலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.